பட்டாளத்துக்காரர் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

கேள்வி: என் கணவர் காலாட்படையில் நாயக். சில மாதங்களுக்கு முன் அவருடைய பட்டாலியன் பீஸ் ஸ்டேஷனிலிருந்து (அமைதிப் பகுதி முகாம்) ஃபீல்டுக்கு (களப்பகுதி) மாறிப் போனது. போன வாரம் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கூட நான்கு பேர், பின்னால் பனிமலை, ஓரமாக ஒரு லாரி. ஆசையாக இருந்ததால் ஸ்டேட்டஸில் வைத்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் அதையே பாட்டுப் போட்டு இன்ஸ்டாகிராமில் ரீல் ஆக்கி, பட்டாலியன் பெயரையும் ஹேஷ்டேக்காகப் போட்டுவிட்டான். மறுநாள் அவர் போனில் சத்தம் போட்டதும் இரண்டையும் எடுத்துவிட்டோம். என் போனில் லொக்கேஷன் எப்போதும் ஆஃப்தான். ஸ்டேட்டஸைப் பார்ப்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். இதில் எதிரிக்கு என்ன தெரிந்துவிடும்? இதற்கு நடுவே, "என் வீட்டுக்காரரும் அதே யூனிட்தான்" என்று ஒரு பெண் ஃபேஸ்புக்கில் நட்பு கேட்டு, "அவர்களை இப்போது எங்கே மாற்றியிருக்கிறார்கள்?" என்று விசாரிக்கிறார். பதில் சொல்லலாமா? இனிமேல் எதையுமே போடக் கூடாதா?
- வேலூர் மாவட்ட வாசகி ஒருவர்

பதில்:

சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு வரிகூடப் பதில் எழுத வேண்டாம். உடனே ப்ளாக்கும் செய்ய வேண்டாம். அவருடைய ப்ரொஃபைல் பக்கத்தையும் அனுப்பிய செய்திகளையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ப்ரொஃபைலின் இணைப்பையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு கணவர் பேசும்போது முதல் செய்தியாக இதைச் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கணவருக்குப் பார்சல் அனுப்பும்போது என்ன முகவரி எழுதுகிறீர்கள்? ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், பிறகு 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. ஊர் இருக்காது, மாநிலம் இருக்காது. பின்கோடும் 9-இல் தொடங்கும் ராணுவ அஞ்சல் எண்தான். தபால் டெல்லியிலோ கொல்கத்தாவிலோ உள்ள ராணுவ அஞ்சல் பிரிப்பகத்துக்குப் போகும். அந்த யூனிட் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஊர்த் தபால்காரருக்குக்கூட இடம் தெரியக் கூடாது என்று இவ்வளவு ஏற்பாடு. யூனிட்டின் பெயரையும் அது நிற்கும் இடத்தையும் ஒன்றுசேர விடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் நோக்கம். உங்கள் மகனின் ரீலில் பெயர் ஹேஷ்டேக்கில் இருந்தது, இடம் படத்தில் இருந்தது. கணவர் சத்தம் போட்டதற்குக் காரணம் அதுதான்.

"என் போனில் லொக்கேஷன் ஆஃப்" என்கிறீர்கள். படம் எடுத்தது உங்கள் போன் இல்லையே. கேமரா படம் எடுக்கும்போதே கோப்புக்குள் சில விவரங்களை எழுதிவைக்கும்: தேதி, நேரம், போன் மாடல், அந்த போனில் ஜி.பி.எஸ். அனுமதி இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, சில சமயம் கடல்மட்டத்திலிருந்து உயரமும். எக்சிஃப் என்று இதற்குப் பெயர். அட்சரேகை நான்கு தசம இடம் வரை இருந்தால் தவறு சுமார் 11 மீட்டர்தான். ஐந்து தசம இடம் என்றால் ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடும். ஒரு பங்கரைச் சுட்டிக்காட்ட அதற்கு மேல் தேவையில்லை.

வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரம் நீக்கப்பட்டுவிடும். அந்த வகையில் உங்கள் படம் தப்பித்திருக்கும். ஆனால் "தெளிவாக வரட்டும்" என்று அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால் உள்விவரம் அப்படியே வரும். மின்னஞ்சல், ப்ளூடூத், மெமரி கார்டு, கூகுள் டிரைவ் இணைப்பு எல்லாவற்றிலும் அப்படித்தான். லீவில் வந்தவர் போனிலிருந்து நூறு இருநூறு படங்களை மொத்தமாக மாற்றிக்கொள்ளும்போது கூடவே வருவது இதுதான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று நிறைய வீடுகளில் இருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளை மூவர் போனிலும் ஒரே ஜிமெயில் கணக்கு. கணவர் போனில் கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப் ஓடினால், அவர் எடுக்கும் ஒவ்வொரு படமும் இடத்தோடு உங்கள் மகன் போனில் வந்து உட்காரும். அதே ஆப்பில் படங்களை வரைபடத்தின் மேல் காட்டும் வசதியும் உண்டு. மகனின் நண்பன் விளையாட்டாகத் திறந்து பார்த்தாலே போதும். ஒரு போனுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடுங்கள். இந்தப் பதிலில் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலைகளில் இது இரண்டாவது.

உள்விவரம் இல்லாவிட்டாலும் படம் பேசும். பின்னால் தெரிந்த பனிமலையையே எடுத்துக்கொள்வோம். மலைமுகட்டின் கோடு ஓர் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும். நான்கு கிலோமீட்டர் தள்ளி நின்றால் வேறு மாதிரி ஆகிவிடும். உலகின் பெரும்பகுதி நிலத்துக்கு 30 மீட்டர் இடைவெளியில் உயர அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2000-இல் அமெரிக்க விண்கலம் ஒன்று ராடாரால் அளந்தது அது. அந்த அளவுகளை வைத்து, எந்த இடத்தில் நின்றால் எந்த முகடு எப்படித் தெரியும் என்று கணினியில் வரைந்து பார்க்கலாம். படத்தில் உள்ள முகட்டோடு பொருந்தும் இடம் கிடைக்கும்வரை தேடுவது பொறுமையும் நேரமும் கேட்கும் வேலை. சம்பளத்துக்கு அதைச் செய்ய ஆள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் உண்டு. தோராயமாக இடம் கிடைத்ததும் செயற்கைக்கோள் படத்தில் சரிபார்ப்பார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படம் யாருக்கும் இலவசம். அதில் ஒரு புள்ளி 10 மீட்டர். ஆளைப் பார்க்க முடியாது. ஆனால் போன மாதம் இல்லாத பாதையும் புதிதாகத் தட்டையாக்கிய தரையும் தெரியும்.

பிறகு சீருடை. மார்பில் பெயர்ப்பட்டி, தோளில் ரெஜிமென்ட்டின் பெயர், கையின் மேற்புறத்தில் ஃபார்மேஷன் சின்னம். பெயரும் ரெஜிமென்ட்டும் ஆளைச் சொல்லும். ஃபார்மேஷன் சின்னம் அவருடைய யூனிட் எந்தப் பெரிய படைப்பிரிவின் (கோர் அல்லது டிவிஷன்) கீழ் இருக்கிறது என்று சொல்லும், அதாவது எந்தப் பகுதி என்று சொல்லும். தேட வேண்டிய பரப்பு இந்தியா முழுவதிலிருந்து ஒரே பள்ளத்தாக்குக்குச் சுருங்கிவிடுகிறது. பக்கத்தில் நின்ற நான்கு பேரையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டில் யாரும் உங்களுக்கு அனுமதி தரவில்லை.

லாரி ஓரமாகத்தான் இருந்தது என்கிறீர்கள். ராணுவ வண்டியின் நம்பர் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கம் வண்டியின் ஆண்டு. முன்னும் பின்னும் வண்ணச் சதுரத்தில் எழுதியிருக்கும் டாக் எண் யூனிட்டைக் குறிக்கும். சாலையோரமாக எடுத்த படங்களில் எல்லைச் சாலை அமைப்பின் மஞ்சள் பலகை வந்துவிடும். அதில் உள்ள வேடிக்கை வாசகத்துக்காகவே நம் ஆட்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். ஆனால் பலகையில் திட்டத்தின் பெயரும் இருக்குமே: ஹிமாங்க் என்றால் லடாக், பீக்கன் என்றால் காஷ்மீர், வர்தக் என்றால் அருணாசலத்தின் மேற்குப் பகுதி. கிலோமீட்டர் கல் பக்கத்தில் இருந்துவிட்டால் தேடவே வேண்டாம். ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை ஊர்ப் பெயரை மூன்று மொழியில் சொல்வதோடு கடல்மட்ட உயரத்தையும் சொல்கிறது.

இப்படி ஒரு பலகையால் அழிந்த இடம் உண்டு. 2022 ஆகஸ்டில், ரஷ்யா பிடித்திருந்த கிழக்கு உக்ரைன் நகரான போப்பஸ்னாவில் ரஷ்யாவுக்காகப் போரிட்ட வாக்னர் கூலிப்படையின் தளத்துக்கு ஒரு ரஷ்ய ஆதரவு நிருபர் போய்ப் படங்களை வெளியிட்டார். ஒரு படத்தில் சுவரில் மாட்டியிருந்த தெருப்பெயர்ப் பலகை வீட்டு எண்ணோடு தெரிந்தது. சில நாளில் அந்தக் கட்டடம் தாக்கப்பட்டு இடிந்தது. போனில் லொக்கேஷன் ஆன் ஆகியிருந்ததா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

சொந்தக்காரர்கள்தான் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கு வருவோம். உங்கள் போனில் எண் சேமித்திருப்பவர்களில் பால்காரர், சீட்டுக்காரர், மகனின் டியூஷன் மாஸ்டர், எப்போதோ ஃப்ரிட்ஜ் பழுது பார்த்தவர் எல்லாரும் அடக்கம். தனியாக மாற்றாவிட்டால், அவர்களில் உங்கள் எண்ணைச் சேமித்திருக்கும் எல்லாருக்கும் ஸ்டேட்டஸ் போகும். ஸ்டேட்டஸை யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்குத் தெரியாது. 24 மணி நேரத்தில் அது மறையும், எடுத்த நகல் மறையாது. "நம்ம ஊர் சிங்கம்" என்று பெருமையோடு ஊர்க் குழுவில் போடுவார் மாமா ஒருவர். அங்கிருந்து ராணுவ ரசிகர் பக்கம் ஒன்றுக்குப் போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

ஒரே படத்தால் பட்டாலியன் அழிந்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. பெரும்பாலும் ஒரு பதிவு ஒன்றும் செய்யாது. ஆபத்து பல பதிவுகளை அடுக்கிப் பார்ப்பதில் இருக்கிறது. இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டும் நிகழ்வு ஸ்ட்ராவா வரைபடம். ஓட்டம், சைக்கிள் பயிற்சியைப் பதிவுசெய்யும் அந்த ஆப் 2017 நவம்பரில் தன் பயனர்கள் உலகெங்கும் ஓடிய பாதைகளை ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டது. நூறு கோடிப் பயிற்சிகள், பெயர் எதுவும் கிடையாது. இரண்டு மாதம் கழித்து, 20 வயது ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கவனித்துச் சொன்ன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களில் வரைபடம் முழுக்க இருட்டு. நடுவே அங்கங்கே பளிச்சென்று சின்னச் சின்னச் செவ்வகங்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் முகாமின் வேலியை ஒட்டிக் காலையில் ஓடிய பாதைகள் அவை. முகாமின் வடிவம், உள்ளே அதிகம் நடமாடும் பாதை, வெளியே ரோந்து போகும் வழி எல்லாம் தெரிந்தன. யாரும் ரகசியம் எதையும் எழுதவில்லை, கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடினார்கள், அவ்வளவுதான். 2018 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களப்பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதியையே தடை செய்தது.

அந்தத் தடைக்குப் பிறகும் கதை முடியவில்லை. 2025 ஜனவரியில் பிரெஞ்சு நாளிதழ் லெ மோந்த், பிரான்ஸின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகள் நிற்கும் இல் லோங் தளத்தில் வேலை செய்பவர்களின் ஸ்ட்ராவா கணக்குகளைக் காட்டியது. தளத்துக்குள் ஓடியது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், நாள்தோறும் ஓடுகிறவர்கள் வாரக்கணக்கில் ஓடாமல் இருந்தது. ஒரே காலத்தில் பலர் காணாமல் போனால் நீர்மூழ்கி கடலுக்குப் போயிருக்கிறது. எல்லாரும் திரும்ப ஓட ஆரம்பித்தால் வந்துவிட்டது.

ராணுவக் குடும்பங்கள் கவனிக்காத இடம் இதுதான் என்பது என் கருத்து. "பத்து நாளாக அவர் போன் ஸ்விட்ச் ஆஃப், கடவுளே காப்பாற்று" என்று ஒருவர் போடுவார். அதே வாரம் அதே பட்டாலியனைச் சேர்ந்த இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் அதே மாதிரி போடுவார்கள். எதிர்த்தரப்பில் உட்கார்ந்து இந்தப் பக்கங்களைப் பின்தொடர்பவனுக்கு, அந்த யூனிட் ஏதோ வேலையாகக் கிளம்பிவிட்டது என்று தெரிந்துவிடும். லீவு திடீரென ரத்தானதைப் பற்றிய புலம்பலும் அப்படியே. மனம் தவிப்பது இயல்பு. அதைத் தங்கையிடம் போனில் கொட்டுங்கள்.

நேரம் என்பது இடத்துக்குச் சமமான ரகசியம். 2010 மார்ச்சில் இஸ்ரேலியச் சிப்பாய் ஒருவர், புதன்கிழமை எந்தக் கிராமத்தில் தேடுதல் வேட்டை, வியாழக்கிழமை வீடு திரும்பல் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். யூனிட் பெயரும் அதில் இருந்தது. கூட இருந்தவர்களே மேலதிகாரியிடம் சொன்னார்கள். வேட்டை ரத்தானது, அவருக்குச் சிறை கிடைத்தது. 2007-இல் இராக்கில் ஓர் அமெரிக்க முகாமுக்குப் புதிய அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கியதைச் சிப்பாய்கள் படம் எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள், ஜி.பி.எஸ். விவரத்தோடு. அதை வைத்து வீசப்பட்ட மோர்ட்டார் குண்டுகளில் நான்கு ஹெலிகாப்டர்கள் அழிந்தன என்று அமெரிக்க ராணுவமே பின்னர் தன் ஆட்களுக்குப் பாடமாகச் சொன்னது. எதிர்த்தரப்பும் இதே குழியில் விழுந்திருக்கிறது: 2015-இல் ஐ.எஸ். அமைப்பின் ஆள் ஒருவர் தலைமையகக் கட்டடத்தில் எடுத்துப் பெருமையாகப் போட்ட படத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடித்து 22 மணி நேரத்தில் குண்டு போட்டதாக அமெரிக்க விமானப்படைத் தளபதி ஒருவர் சொன்னார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023 புத்தாண்டு பிறந்த சில நிமிடங்களில், ரஷ்யக் கட்டுப்பாட்டில் இருந்த கிழக்கு உக்ரைன் நகரான மக்கியிவ்காவில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டது. இறந்தவர்கள் 89 பேர் என்று ரஷ்யா ஒத்துக்கொண்டது. தடையை மீறிப் பலர் செல்போன் பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றது அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சகம். அத்தனை பேரை ஒரே கட்டடத்தில், வெடிபொருளுக்குப் பக்கத்தில் தங்கவைத்தது யார் என்று ரஷ்யாவிலேயே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எல்லாப் பழியையும் சிப்பாயின் போன் மேல் போடுவது மேலிடத்துக்கு வசதி. ஆனாலும் உங்கள் கையில் இருப்பது போன்தான், தங்கும் கட்டடத்தைத் தேர்வு செய்வது இல்லை.

இப்போது அந்தப் பெண். அவருடைய கணவரும் அதே யூனிட் என்றால் இடம் அவருக்கே தெரிந்திருக்குமே, உங்களிடம் ஏன் கேட்க வேண்டும்? 2020 ஜூலையில் இந்திய ராணுவம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 ஆப்களை நீக்கும்படி தன் ஆட்களுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகு எதிரி உளவாளிகளுக்கு ஜவானை நேரடியாக அணுகுவது கடினமாகிவிட்டதால் மனைவி, தம்பி, மகன் வழியாக வருவது எளிது. பட்டாலியன் ஹேஷ்டேக்கைத் தேடியிருப்பார்கள், மகன் கணக்கு கிடைத்திருக்கும், அங்கிருந்து உங்கள் கணக்கு. முதல் கேள்வி சும்மா விசாரிப்பது போல இருக்கும். அடுத்தது உங்கள் கணவரின் எண். பிறகு "இந்த ஆப்பில் பேசலாம், இதுதான் பாதுகாப்பு" என்று ப்ளே ஸ்டோரில் இல்லாத ஒரு கோப்பு வரும். அதை நிறுவினால் உங்கள் போனின் படங்கள், தொடர்புகள், மைக் எல்லாம் அவர்கள் வசம். 91-இல் தொடங்கும் எண், இந்துப் பெயர், தமிழில் எழுதுவது, கைக்குழந்தையோடு படம் எதுவும் சான்று ஆகாது. இந்திய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை விற்று, வெளிநாட்டில் இருப்பவர் அந்த எண்ணில் வாட்ஸ்ஆப் நடத்த உதவியதாக இங்கே ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள்.

அவர் உண்மையாகவே ஒரு ஜவானின் மனைவியாகவும் இருக்கலாம். அதைச் சோதிப்பது உங்கள் வேலை அல்ல. அவர் சொல்லும் கணவர் பெயரை உங்கள் கணவரிடம் கொடுத்தால் யூனிட்டில் ஒரு நிமிடத்தில் விசாரித்துவிடுவார்கள். போலி என்றால் யூனிட் தன் வழியில் மேலே தெரிவிக்கும். நீங்களும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் அந்த ஸ்க்ரீன்ஷாட்களோடு புகார் கொடுக்கலாம். அதன் பிறகு ப்ளாக் செய்யுங்கள்.

போனில் மாற்ற வேண்டியவை. வாட்ஸ்ஆப்பில் ஸ்டேட்டஸ் ப்ரைவசிக்குப் போய், தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் என்ற மூன்றாவது தேர்வை எடுத்து இருபது பேருக்கு மேல் போகாமல் வையுங்கள். ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலை உங்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றுங்கள். யூனிட்டில் யார் யார் என்று ஆள் பட்டியல் தயாரிக்க மனைவிமார்களின் நண்பர்கள் பட்டியலைப் போல வசதியானது வேறில்லை. அதே அமைப்புப் பகுதியில் பழைய பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே அழுத்தலில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதி உண்டு. கணவரின் ஆண்ட்ராய்டு போனில் கேமரா ஆப்பின் அமைப்பில் இருப்பிடக் குறி என்பதை அணைக்கச் சொல்லுங்கள். ஐபோன் என்றால் லொக்கேஷன் சர்வீசஸில் கேமராவுக்கு "நெவர்". இது இனி எடுக்கும் படங்களுக்குத்தான். ஏற்கெனவே எடுத்தவற்றில் விவரம் இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் படத்தைத் திறந்து மேலே தள்ளினால் இடம் இருக்கிறதா என்று தெரியும். மகன் ஸ்னாப்சாட் வைத்திருந்தால் மேப்பில் இருப்பிடத்தை மறைக்கும் கோஸ்ட் மோட். குடும்பத்துக்குள் வாட்ஸ்ஆப் லைவ் லொக்கேஷன் வேண்டவே வேண்டாம், 15 நிமிடத்துக்குக்கூட.

ஸ்மார்ட் வாட்ச் பரிசாகக் கொடுத்திருக்கிறீர்களா? ஃபீல்டில் அதை போனோடு இணைக்காமல், ஜி.பி.எஸ். இல்லாமல், வெறும் கடிகாரமாகக் கட்டுவதே நல்லது. அணியவே கூடாது என்று யூனிட் சொன்னால் அதுதான் இறுதி. ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஆப்பில், தொடங்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டத்தை மறைக்கும் வசதியை நம்ப வேண்டாம். தினமும் வெவ்வேறு பக்கம் ஓடினால், பாதை அறுபடும் புள்ளிகளைச் சேர்த்து வட்டத்தின் நடுவைக் கண்டுபிடித்துவிடலாம். பதிவுகள் அனைத்தும் "எனக்கு மட்டும்" என்று இருக்க வேண்டும். ஸ்ட்ராவாவில் கூட்டு வரைபடத்துக்குத் தரவு தரும் தேர்வையும் அணைக்க வேண்டும்.

அழித்துவிட்ட ரீலைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராமில் அழித்தது 30 நாள் வரை "சமீபத்தில் அழித்தவை" பகுதியில் இருக்கும், அங்கிருந்தும் நீக்குங்கள். ரீல் எத்தனை மணி நேரம் பொதுவில் இருந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நினைவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் கணவரிடம் சொல்லுங்கள். ஏதாவது மாற்ற வேண்டுமா என்று முடிவெடுப்பது யூனிட். உறவினர் குழுக்களில் "அந்த ராணுவப் படத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். கவனிக்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். யார் பகிர்ந்தார்களோ அவரை மட்டும் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

எதையுமே போடக் கூடாதா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போடலாம். பயிற்சி முடித்த நாளின் அணிவகுப்புப் படம், கல்யாணப் படம், லீவில் வந்தபோது லுங்கியோடு வாசலில் மகனுடன் எடுத்த படம் எல்லாம் போடுங்கள், அவர் திரும்பிப் போய்ச் சேர்ந்த பிறகு. நாளை எந்த ரயிலில் வருகிறார், டிக்கெட் படம், பி.என்.ஆர். எண் எதுவும் வேண்டாம். தாமதமாகப் போட்டால் போதும் என்ற அறிவுரை ஒன்று சுற்றுகிறது. அது பாதிதான் சரி. தாமதம் நேரத்தை மறைக்கும், இடத்தை மறைக்காது. உங்கள் கணவர் மாறிப் போனாலும் அதே இடத்தில் அடுத்த பட்டாலியன் வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே ஃபீல்டில் எடுத்த படம் ஐந்து வருடம் கழித்தும் வெளியே வர வேண்டாம். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, சின்னங்கள் தெரியாமல், பின்னணி வெறும் சுவராக இருந்தால் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மங்கலாக்கும் ஆப்பை நம்புவதைவிட வெட்டுவது மேல்.

மகனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும், உங்கள் ஊர்ப் பக்கம் என்பதால். நெடுஞ்சாலையில் கான்வாய் போனால் இளைஞர்கள் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்கிறார்கள். அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளம் எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும், அது ரகசியம் இல்லை. பதற்றமான ஒரு வாரத்தில் அங்கிருந்து எத்தனை விமானம், எந்த நேரத்தில், எந்தப் பக்கம் கிளம்பின என்பதுதான் செய்தி. 2008 மும்பைத் தாக்குதலின்போது பாதுகாப்புப் படையினரின் நகர்வை டி.வி. நேரலையில் பார்த்துக்கொண்டே பாகிஸ்தானிலிருந்து ஆட்டுவித்தவர்கள் போனில் வழி சொன்னார்கள். சேனல்களை 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் கேபிள் டி.வி. விதியில் அத்தகைய நேரலைக்குத் தடை வந்தது. 2025 மே 9 அன்று பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிவுறுத்தல் ஊடகங்களோடு நிற்காமல் தனிநபர்களையும் சேர்த்தே சொன்னது.

குண்டு விழுந்த இடத்தைப் படம் எடுப்பதிலும் இதே சிக்கல். ஏவியவனுக்கு எங்கே விழுந்தது என்று சரியாகத் தெரியாது. நீங்கள் போடும் வீடியோ அவனுக்கு அடுத்த குறியைத் திருத்திக் கொடுக்கும். 1944-இல் லண்டன் மீது ஜெர்மானியர் பறக்கும் குண்டுகளை ஏவியபோது பிரிட்டன் தன் இரட்டை உளவாளிகள் மூலம், குண்டுகள் இலக்கைத் தாண்டி விழுவதாகப் பொய்த் தகவல் அனுப்பி, குறியைக் குறைக்க வைத்தது. அன்றைக்கு அதற்கு உளவாளி தேவைப்பட்டான். இன்று மொட்டை மாடியில் போனோடு நிற்பவர் உண்மையான தகவலையே இலவசமாகத் தருகிறார்.

சட்டம் பற்றியும் பயம் இருக்கும். 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தில் பாதுகாப்பு நிலையங்கள் தொடர்பான உளவுக்கு 14 ஆண்டு வரை சிறை உண்டு. அது நாட்டுக்குக் கேடு செய்யும் நோக்கத்தோடு செய்பவர்களுக்கு. ஆசையில் வைத்த ஸ்டேட்டஸ் அந்த இடத்துக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் படத்தை அனுப்பியவர் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர். யூனிட்டில் விளக்கம் கேட்டால் அவர்தான் நிற்க வேண்டும். எந்த ஆப் அனுமதி, எது இல்லை என்ற உத்தரவுகள் அவ்வப்போது மாறும், தற்போதைய நிலையை அவர் யூனிட்டிலேயே கேட்டுச் சொல்லட்டும்.

ஒரு வேலையை உங்கள் மகனிடமே விடுங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நம்மைவிட நன்றாக வரும். தன் கணக்கிலிருந்து இல்லாமல், லாகின் செய்யாத ப்ரௌசரில் அப்பாவின் பெயர், பட்டாலியன் பெயர், உங்கள் ஊர்ப் பெயர் மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். அந்த ரீலின் நகல் எங்காவது இருந்தால் இணைப்பைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தின் கீழ் கருத்து எதுவும் எழுதாமல் அந்தந்தத் தளத்தில் புகார் பொத்தானை அழுத்தட்டும். இணைப்புகளை அப்பாவிடம் கொடுக்கட்டும். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும், நகல்கள் தாமதமாகத்தான் மேலே வரும்.